சல்லடையில் சிக்கிய விஷம் எங்கே போகும்?

'கெட்ட தண்ணியைச் சுத்தம் பண்ற புதுப் பொருள் வந்திருக்காமே சார், நம்ம கிணத்துக்கு ஆகுமா?' ரமணாசிரமம் பகுதியில் விவசாயம் பார்க்கிற என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான்.

அந்தப் பொருள் நுண்துளைப் படிகப் பாலிமர். உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளோடு கோத்து, கட்டடச் சாரம் மாதிரி ஒழுங்காக அடுக்கிய வகைக்காக 2025-ல் சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமர் யாகி மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. உலோகமே இல்லாத கரிம வகையை 2005-லேயே யாகி குழு செய்து காட்டியது.

நம்ம அடுப்புக்கரியிலும் துளை உண்டு. ஆனால் பெரிசும் சிறிசுமாக இருக்கும். இதிலோ துளையின் அளவையும், உள்சுவரில் எது ஒட்டவேண்டும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்கலாம். ஒரு கிராம் தூளின் உட்பரப்பு 1,000 சதுர மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. அதாவது சுமார் கால் ஏக்கர்! சாயம், பூச்சிக்கொல்லி, குரோமியம் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். தேற்றான்கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும். கரைந்த விஷத்தை இப்படிப் பிடிக்காது.

சரி, வயலுக்கு ஆகுமா? ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குலம் தண்ணீர் கட்டினாலே ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். அவ்வளவையும் விலை கூடிய தூள் வழியாக விடுவது கட்டுப்படியாகாது. குடிநீருக்கும், ஆலையின் கழிவுக் குழாய்க்கும்தான் இது பொருந்தும்.

இன்னொன்று, பிடிபட்ட விஷம் அழிவதில்லை. தூள் நிரம்பியதும் கழுவணும். கழுவின நீரில் அதே குரோமியம் இன்னும் அடர்த்தியாக நிற்கும். பேங்க்கில் நான் பார்த்த கணக்குதான்: கடன் அடையவில்லை, வேறு கணக்குக்கு மாறியிருக்கிறது.

1989 வரை நம்மோடு ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்த பாலாற்றுப் பகுதியைப் பாருங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாகவோ பாதியாகவோ கெட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு, 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவானது. தோலைப் பதப்படுத்தும் உப்பும் அந்தக் கழிவில் உண்டு. அந்த உப்பை இந்தத் தூள் எடுக்காது.

கெடுத்தவரே செலவை ஏற்கணும் என்றது அந்தத் தீர்ப்பு. ஆகவே நண்பர்களே, புதுச் சல்லடையை ஆலை வாசலில் வைக்கச் சொல்லுங்கள். நம் கிணற்று நீரை வருஷம் ஒருமுறை பரிசோதித்து, முடிவைத் தேதியோடு பத்திரமாக வையுங்கள். நாளைக்கு நஷ்டஈடு கேட்க அந்தத் தாள்தான் பேசும்.