டெலிபோன் கம்பியில் செஞ்சிக் கோட்டை!

ராஜா தேசிங்கு ஆண்ட செஞ்சிக் கோட்டையை இன்று செல்போனில் ஒரு நொடியில் பார்க்கலாம். 30 ஆண்டுகளுக்கு முன் அப்படி அல்ல!

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்டு 15-ந் தேதி. படமும் டெலிபோன் கம்பி வழியாகவே வரவேண்டும். அப்போதைய நல்ல மோடம் கூட நொடிக்கு 3.6 கிலோபைட்தான் இழுக்கும்.

5 நிமிடம்!

செஞ்சிக்கு மூன்று மலைகள்: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம்.

மலைக்கு ஒரு படம். படம் ஒன்று 360 கிலோபைட் என்று வைத்துக்கொள்வோம். அது வந்து சேர 100 நொடி. மூன்றும் வர 5 நிமிடம்! அதற்குள் டெலிபோன் கட்டணம் ஏறும். பார்க்க வந்தவர் போய்விடுவார்.

இடமும் குறைவு. சொந்தப் பக்கம் அமைக்க 'ஜியோசிட்டீஸ்' தொடக்க காலத்தில் இலவசமாகக் கொடுத்தது 2 மெகாபைட்தான். இப்படி ஐந்து படம் வைத்தால் இடம் தீர்ந்தது!

தபால்தலைப் படம்

வழி என்ன?

முதல் பக்கத்தில் தபால்தலை அளவுப் படங்கள். ஒவ்வொன்றும் 9 கிலோபைட். மூன்றும் 8 நொடிக்குள் வந்துவிடும். பிடித்த படத்தை அழுத்தினால் மட்டுமே பெரிய படம் வரும். காத்திருக்க விரும்புகிறவர் காத்திருப்பார்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. அதன் அழகை, சிக்னல் குறைந்த கிராமத்தில் இருப்பவரும் பார்க்கவேண்டாமா? அந்தப் பழைய சிக்கனம் இன்றும் உதவும்!