இடைமுகப் புலங்களும் சோதனைப் பரப்பும்

கருவியொன்றை ஆக்குதல் ஒரு கலை. ஆக்கிய கருவி தனக்குரிய பணியைக் குறைவின்றி ஆற்றுகின்றதா எனத் தேர்ந்து தெளிதல் பிறிதொரு கலை. கணினி மென்பொருளைப் பொறுத்தவரை இவ்விரண்டாங் கலை இன்று பெரும்பாலும் சோதனைக்கென எழுதப்பட்ட செய்நிரல்களாலேயே நிகழ்த்தப்படுகின்றது. இவை தன்னியக்கச் சோதனைகள் எனப்படும். ஆயின், சோதனைகள் எண்ணிக்கையிற் பலவாயிருத்தல் மட்டும் போதுமா? சோதிக்கப்பட வேண்டிய பொருளில் எவ்வளவை அவை தழுவின என்பதை அளப்பது எங்ஙனம்? ஏ.பி.ஐ. எனப்படும் இடைமுகங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்தல் பயனுடைத்து.

இரு மென்பொருள்கள் தம்முள் தரவு பரிமாறிக்கொள்ளும் வாயிலே இடைமுகமாகும். நூலகமொன்றின் கணினியிடம் நூலைப் பற்றி வினவினால், அது தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு, மீளளிக்க வேண்டிய திகதி, தண்டப்பணம் ஆகியவற்றை வரிசைப்படுத்தி விடையாகத் தரும். இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு புலம் ஆகும். ஒரு புலம் பிழைபடின், அதனை நம்பி இயங்கும் மென்பொருளும் பிழைபடும்.

செய்நிரலின் ஒவ்வொரு பகுதியும் சோதனையின்போது ஒரு தடவையேனும் இயக்கப்பட வேண்டும் என்னுங் கருத்தை மில்லர், மலோனி என்னும் இருவர் 1963 ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர். எனினும், செய்நிரலின் வரிகளை எண்ணும் அளவை புலங்களைப் பற்றி யாதுங் கூறாது. நாற்பது புலங்கள் கொண்ட பதிவு முழுவதையும் ஒரே வரி படியெடுத்து அனுப்பக்கூடும். அவ்வரி ஒருமுறை இயங்கியதும் அது சோதிக்கப்பட்டதாகக் கணக்கிடப்படும். ஆனால் அந்நாற்பதுள் எத்தனை புலங்களின் பெறுமானங்கள் சரிபார்க்கப்பட்டன என்பது தெரியவராது. ஆதலின் புலங்களையே அலகாகக் கொண்ட அளவை வேண்டப்படுகின்றது.

இவ்வளவையில் முதற்கண் தெளியவேண்டியது, மொத்தத் தொகை எங்கிருந்து பெறப்படுகின்றது என்பதாகும். சோதனைகள் கண்ட புலங்களையே மொத்தமெனக் கொள்ளின், விடை எப்பொழுதும் நூற்றுக்கு நூறாகவே அமையும். காணப்படாதது கணக்கிலும் வாராது. ஆகவே மொத்தம் இடைமுகத்தின் ஒப்பந்த ஆவணத்திலிருந்தே பெறப்படல் வேண்டும். ஓப்பன் ஏ.பி.ஐ. என்னும் விதிமுறைப்படி எழுதப்பட்ட ஆவணம், புலங்களையும் அவற்றின் வகைகளையும், கட்டாயமானவை எவை என்பதையும் கணினி வாசிக்கத்தக்க முறையிற் குறிப்பிட வல்லது. சோதனையின்போது சென்ற வினாக்களையும் வந்த விடைகளையும் பதிவுசெய்து, அவ்வாவணத்துடன் ஒப்பிட்டால் விடுபட்டவை புலப்படும்.

எண்ணும் முறையிலும் சில நுட்பங்கள் உள. ஆசிரியரின் பெயரும் வாசகரின் பெயரும் சொல்லால் ஒன்றாயினும், இருக்கும் இடத்தால் இரு வேறு புலங்களே. கட்டாயமல்லாத புலம் உள்ள நிலையிலும் இல்லாத நிலையிலும் சோதிக்கப்படல் வேண்டும். ஆவணத்தில் இல்லாத புலம் விடையிற் காணப்படின், அதனையுந் தனியே குறித்தல் வேண்டும்.

தழுவுதல் என்பதும் ஒரே படியினதன்று. புலம் விடையில் வந்தது என்பது முதற்படி. வந்த பெறுமானம் எதிர்பார்த்த பெறுமானத்துடன் ஒப்பிடப்பட்டது என்பது இரண்டாம் படி. வெற்றுப் பெறுமானம், மிகச் சிறியது, மிகப் பெரியது முதலிய எல்லை நிலைகளும் சோதிக்கப்பட்டன என்பது மூன்றாம் படி. மேற்கூறிய நாற்பது புலங்களுள் 36 விடையில் வந்தன, 20 ஒப்பிடப்பட்டன, 8 எல்லைவரை சோதிக்கப்பட்டன எனக் கொள்க. சோதனைப் பரப்பு முதற்படியில் நூற்றுக்கு 90. இரண்டாம் படியில் 50. மூன்றாம் படியில் 20. எப்படியைக் குறித்தது எனக் கூறாது தொண்ணூறு என மொழிதல் மயக்கத்திற்கே ஏதுவாகும்.

மூன்றாம் படியின் இன்றியமையாமையை 1996 யூன் 4 இல் நிகழ்ந்த ஏரியான் 5 ஏவுகலத்தின் அழிவு காட்டும். அதன் செய்நிரற் பகுதியொன்று முந்திய ஏரியான் 4 இலிருந்து எடுத்தாளப்பட்டதாகும். கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய பெறுமானமொன்று 16 பிற்று முழுவெண்ணாக மாற்றப்படுகையில், அதன் மேலெல்லையாகிய 32,767 ஐ விஞ்சியது. வழிகாட்டு முறைமை செயலிழக்க, ஏவுகலம் ஒரு நிமிடம் நிறைவதற்குள் சிதைந்தது. புதிய கலத்தின் பறப்புப் பாதைக்குரிய பெறுமானங்களைக் கொண்டு அப்பகுதி முன்னர்ச் சோதிக்கப்படவில்லை.

இம்மூன்று படிகளுக்கும் அப்பாற்பட்டது பொருட்பொருத்தம். 1998 இல் ஏவப்பட்ட செவ்வாய்க் காலநிலை விண்கலத்துக்குரிய தரைநிலைய மென்பொருளொன்று, கலத்தின் சிற்றுந்துகளின் கணத்தாக்கைக் கோப்பொன்றில் எழுதி வழிகணிப்போருக்கு வழங்கியது. ஒப்பந்த ஆவணம் நியூற்றன்-செக்கன் அலகை விதித்திருந்தது. கோப்பிலோ இறாத்தல் விசை-செக்கன் அலகில் எண்கள் இருந்தன. ஒன்று மற்றையதினும் ஏறத்தாழ 4.45 மடங்கு பெரிது. 1999 செப்டெம்பர் 23 இல் விண்கலம் திட்டமிட்ட உயரத்தினும் மிகத் தாழ்ந்து சென்று அழிவுற்றது. ஆண்டுப் புலம் தவறாது வந்தது. எண்ணும் எண்ணாகவே இருந்தது. அதன் பொருளே பிறழ்ந்திருந்தது. புலங்களின் வருகையை மாத்திரம் எண்ணும் அளவை இக்குற்றத்தைக் கண்டிராது.

அங்ஙனமாயின் இவ்வளவை பயனற்றதோ எனின், அன்று. அது எதனை உணர்த்த வல்லது என்பதை அறிந்து ஆளுதலே வேண்டுவது. தழுவப்படாத புலத்தைப் பற்றிச் சோதனைகள் யாதொரு சான்றும் தரவில்லை என்பது உறுதி. தழுவப்பட்ட புலம் பிழையற்றது என்பதோ உறுதியன்று. ஆகவே, அளவையின் சிறந்த பயன் நூற்றுவீதத்தில் இல்லை. விடுபட்ட புலங்களின் பட்டியலிலேயே உள்ளது. வீதத்தை உயர்த்துதலே நோக்கமாயின், ஒப்பீடு எதுவுமற்ற சோதனைகள் பெருகும். எண் உயரும், உறுதி உயராது.

பாடவிதானத்தின் எல்லா அலகுகளிலிருந்தும் வினா எழுப்பிய தேர்வுத்தாள், ஓர் அலகையும் தவறவிடவில்லை என்ற அளவிற் சிறப்புடையது. ஆயினும், மாணவன் கற்றானா என்பதை வினாக்களின் ஆழமும், விடைகளைத் திருத்துவோரின் கவனமுமே காட்டும். இடைமுகச் சோதனைக்கும் இது பொருந்தும்.