புகையைப் படிக்கும் படிப்பு

டீசல் மெக்கானிக் என்றால் இன்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் என்பதே பொதுவான எண்ணம். பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ.யில் சேரும் மாணவனும் அப்படி நினைத்துத்தான் சேர்கிறான். ஓராண்டுப் படிப்பு, அதன்பின் 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி போக்குவரத்துக் கழகப் பணிமனையிலோ தனியார் நிறுவனத்திலோ பயிற்சி. பிரித்து மாட்டுவது வேண்டியதுதான், ஆனால் அது தொழிலில் பாதிகூட இல்லை. ஓடுகிற இன்ஜினுக்குள் காற்றும் டீசலும் சூடும் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று வெளியே நின்றபடி கணிப்பதுதான் மிச்சமெல்லாம். அதைக் கற்றுத்தர வத்தலக்குண்டு–கொடைக்கானல் மலைப்பாதையைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

காரணம் காற்று. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்துப் பதினாறு, பதினெட்டு மடங்கு நெருக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் சூடேறும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய இன்ஜினிலிருந்து இன்றைய பஸ் வரை இந்த அடிப்படை மாறவில்லை. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத பழைய வண்டியில் டீசல் பம்ப் மட்டும் சமவெளியில் தந்த அளவு டீசலையே தந்துகொண்டிருக்கும். எரிக்கக் காற்று போதாமல் கரும்புகை கக்கும், இழுவை போகும். வண்டியில் பழுது எதுவும் இல்லை, மலைதான் காரணம். ஆனால் ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், டீசலைப் பீய்ச்சும் நாசில் சொட்டினாலும், டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அதே கரும்புகைதான் வரும். சமவெளியில் அரை பாரத்தோடு ஓடும்போது அந்த விரிசல் வெளியே தெரியாது. மலையேற்றத்தில், முழு பாரத்தில், டர்போ அழுத்தும் காற்று அதன் வழியே சீறி வெளியேறும்போது வண்டி திணறும். நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது, ரிங்கையோ டர்போ சீலையோ பார்க்க வேண்டும். வெள்ளைப்புகை காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்த சில நிமிடத்தில் மறைந்தால் கவலை இல்லை; சூடான பிறகும் தொடர்ந்தால் ஹெட் கேஸ்கட் வழியே தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று சந்தேகிக்க வேண்டும். நிறத்தோடு நேரத்தையும் ஏற்றத்தையும் பாரத்தையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாதவர், நல்ல நாசிலைக் கழற்றிப் புது நாசிலுக்குப் பில் போடுவார்.

ஏற்றத்தைவிட இறக்கம் இன்னும் நல்ல பாடம். 15 டன் எடையுள்ள பஸ் 1,800 மீட்டர் உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 26 கோடி ஜூல் ஆற்றலை எங்காவது விட்டாக வேண்டும். கிட்டத்தட்ட 900 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு அது. டயர் உராய்வும் எதிர்க்காற்றும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மற்றதையெல்லாம் பிரேக் டிரம்மின் தலையில் கட்டினால் லைனிங் காய்ந்து பிடிப்பு விட்டுப்போகும். அதனால்தான் ஏறிய கியரிலேயே இறங்கு என்கிறார்கள் ஓட்டுநர்கள். இங்கே டீசலுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு: பெட்ரோல் இன்ஜினைப் போல் காற்றை அடைக்கும் திராட்டில் இதன் வழக்கமான அமைப்பில் இல்லாததால், தானாக இது பெரிதாக இழுத்துப் பிடிக்காது, புகைக்குழாயை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் துணைக்கு வேண்டும். நியூட்ரலில் விட்டு இறக்கினால் டீசல் மிச்சம் என்று நம்புவோரும் இருக்கிறார்கள். உண்மை நேர்மாறு. கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் இன்றைய இன்ஜின் டீசலை முற்றிலும் நிறுத்திவிடும். நியூட்ரலிலோ ஐட்லிங்குக்காகக் குடித்துக்கொண்டே வரும். ஓட்டுநருக்கு இதைப் புரியும்படி சொல்வதும் மெக்கானிக் வேலைதான்.

பழுதைத் திரையில் காட்டும் ஸ்கேனர் வந்துவிட்டதே, இந்தக் கணிப்பெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை மாசு விதி வந்த பிறகு ஸ்கேனர் இல்லாமல் வேலை நடக்காது என்பது சரிதான். ஆனால் ‘பூஸ்ட் அழுத்தம் குறைவு’ என்று மட்டும்தான் அது சொல்லும். ஹோஸா, ஃபில்டரா, டர்போவா, சென்சாரா என்று அது பிரித்துச் சொல்லாது. திரையில் தெரிந்த பெயரைப் பார்த்துச் சென்சாரை மாற்றுவது மருத்துவமே அல்ல. பி.எஸ். 6 வண்டியில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. புகை நன்றாகச் சூடானால்தான் கரி எரிந்து அது சுத்தமாகும். ஏற்றத்தில் அது தானாக நடக்கும். இறக்கத்திலும், சீசனில் கொடைக்கானல் ஏரிச் சாலை நெரிசலில் ஊர்ந்து நிற்கும்போதும் புகை ஆறிப்போகும், கரி சேரும். வண்டி எந்த வழியில் ஓடுகிறது என்று கேட்காமல் இந்த அடைப்புக்கு வைத்தியம் பார்க்க முடியாது.

பட்டறையில் கையாளாகச் சேர்ந்தே இதையெல்லாம் கற்கலாமே என்ற வாதத்தில் பாதி நியாயம் உண்டு. காதும் மூக்கும் அங்கேதான் கூர்மையாகும். ஆனால் பட்டறைக்கு வண்டி சீக்கிரம் வெளியே போக வேண்டும். பையன் ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல நேரமிருக்காது. அந்த ஏனுக்கு நேரம் ஒதுக்கத்தான் பள்ளி. இன்னொரு வாதம் கனமானது: சென்னை மாநகரில் 2025இல் மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கிவிட்டன, டீசல் படிப்பு எத்தனை நாளைக்கு? கொடைக்கானல் மலைக் கிராமங்களான மன்னவனூரிலும் பூம்பாறையிலும் கேரட்டும் பூண்டும் ஏற்றும் வண்டிகள் ஒரே நாளில் மாறிவிடப் போவதில்லை. அதைவிட முக்கியம், மேலே போட்ட இறக்கக் கணக்கு மின்சார பஸ்ஸுக்கும் அதேதான். அங்கே அந்த ஆற்றலில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். நாசில் மாற்ற மட்டும் பழகியவருக்கு அந்த வண்டி அந்நியம். ஆற்றல் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று கணக்குப் பார்க்கப் பழகியவருக்குப் புதிய பாடம் சில மாத வேலை. பயிற்சியின் கடைசி மாதத்தில் திண்டுக்கல், மதுரைப் பக்கத்து மாணவர்களை, பூஸ்ட் அழுத்தம், புகைச் சூடு, டிரம் சூடு மூன்றையும் அளக்கும் கருவிகள் பொருத்திய பஸ்ஸில் ஏற்றி வத்தலக்குண்டு, பெருமாள்மலை, கொடைக்கானல் என மூன்று இடங்களில் அளவெடுத்துக் குறிக்கச் சொல்லலாம், இறங்கும்போது மறுபடியும். செலவு பெரும்பாலும் டீசலுக்கும் சாப்பாட்டுக்கும்தான் ஆகும்.