கிரவல் குழிக்கான அனுமதி

வீதி போடவும், பள்ளமான வளவை உயர்த்தவும், வீட்டு அத்திவாரத்தை நிரப்பவும் யாழ்ப்பாணத்தில் முதலில் தேடப்படுவது கிரவல். சிறுகல்லும் களியும் கலந்த செம்மண் அது. தண்ணீர் தெளித்து உருளை ஓட்டினால் இறுகிவிடும். சாவகச்சேரியை நடுவாகக் கொண்ட தென்மராட்சியின் மேல்மண்ணோ பெரும்பாலும் மணல். தென்னையும் பலாவும் மாவும் நிற்கும் நிலம். ஆகவே கிரவல் பெரும்பாலும் ஏ9 வீதியால் வன்னியிலிருந்து டிப்பரில் வந்து இறங்குகிறது. இங்கே அள்ளப்படுவது மணல். உரிமம் எடுக்கும் விடயத்தில் இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான்.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி மண்ணுக்குள் இருக்கும் கனியம் அரசுக்குரியது. காணி உறுதி கையில் இருந்தாலும், வெட்டி விற்கப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் உரிமம் வேண்டும். ஏற்றிச் செல்வதற்கும் வியாபாரம் செய்வதற்கும் தனித்தனி அனுமதி உண்டு. இடத்தைப் பொறுத்துப் பிரதேச செயலகம், பிரதேச சபை, மத்திய சுற்றாடல் அதிகார சபை, வனவளத் திணைக்களம், வனஜீவராசிகள் திணைக்களம், தொல்பொருள் திணைக்களம் ஆகியவற்றின் இணக்கமும் கேட்கப்படும். விண்ணப்பக்காரர் அலைந்து களைப்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு கையெழுத்தும் வேறொன்றைக் காக்கவே வைக்கப்பட்டிருக்கிறது.

உயிரினங்களைப் பொறுத்தவரை அடிப்படையாக இருப்பது 1937இல் வந்த வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். தேசிய ஒதுக்கு ஒன்றின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் வனஜீவராசிகள் திணைக்களத் தலைவரின் எழுத்துமூல ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும் என்கிறது அதன் திருத்தம் ஒன்று. குடாநாட்டின் தென்கிழக்கில் உள்ள சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகி, 2015இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. பூநாரைகள் கூடும் அந்த நீரேரியின் அருகே மண் வெட்ட நினைப்பவருக்கு இந்த ஒரு மைல் பெரிய தூரம். கரையோரம் பேணல் சட்டமும் இன்னொரு கோடு போடுகிறது: உயர் அலை எல்லையிலிருந்து நிலப்பக்கமாக 300 மீட்டர் வரை கரையோரம் பேணல் திணைக்களத்தின் ஆளுகை.

வரைபடத்தில் கோடு இல்லாத இடத்திலும் உயிர்கள் வாழ்கின்றன. சாவகச்சேரிக்கு அருகே சரசாலைக் குருவிக்காடு, கண்டல் மரங்களில் பறவைகள் வந்து தங்கும் ஈரநிலம். வெறும் தரவையையும் வெறுமையென்று சொல்லிவிட முடியாது. ஆட்காட்டி கூடு கட்டாது. வெட்டை நிலத்தில் சிறு பள்ளத்தில் முட்டை இடும். மண்நிறத்தில் கரும்புள்ளி போட்ட அந்த முட்டைகளை நாலு அடி தள்ளி நின்று பார்த்தாலும் கல்லென்றே தோன்றும். பெக்கோ ஓட்டுபவருக்கு அவை தெரியவே தெரியாது. தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றும் பறவைதான் அடையாளம். வெட்டிய குழியின் செங்குத்துச் சுவரும் மீன்கொத்திக்கும் பஞ்சுருட்டானுக்கும் வளை தோண்ட வாய்ப்பான இடமாகிவிடுகிறது. பிரித்தானியாவில் மணல் குழிச் சுவரில் கூடு வைக்கும் தகைவிலான்கள் குஞ்சு பொரித்துப் போகும்வரை அந்தச் சுவரில் கை வைப்பதில்லை. இதற்குப் பெரிய செலவில்லை, நாட்காட்டி பார்த்தால் போதும்.

தென்மராட்சியில் ஆழம்தான் பெரிய கேள்வி. குடாநாட்டின் நான்கு முக்கிய நிலத்தடி நீர்த்தொகுதிகளில் ஒன்று இங்கே உள்ளது. உப்புநீருக்கு மேல் வில்லைபோல மிதக்கும் நன்னீர் அது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உவரைத் தள்ளி வைக்கும் என்பது நிலநீரியலின் பொது விதி. மேலே குறைவது கீழே பல மடங்காகத் திரும்பும். மாரி மழையைக் குடித்து வைத்திருப்பது மணல். நீர்மட்டம்வரை அதை அள்ளிவிட்டால் குழியில் நிற்கும் தண்ணீர் வெயிலில் வற்றும். பக்கத்துக் கிணறு உவர்க்கத் தொடங்கலாம். உரிமத்தில் எழுதப்படும் ஆழத்தை மீறுவது அயலவரின் குடிநீரில் கை வைப்பது.

மனிதர் பாதுகாப்புக்கான நிபந்தனைகள் எங்கும் ஏறக்குறைய ஒன்றே: வீதி, வீடு, மின்கம்பம் ஆகியவற்றிலிருந்து விலகி வெட்டுவது, சுவரைச் செங்குத்தாக விடாமல் சரிவாகவோ படியாகவோ இறக்குவது, வேலி, எச்சரிக்கைப் பலகை. அடியில் குடைந்து மேலே தொங்கவிட்ட மண் சொல்லாமல் சரியும். ஐப்பசி மழைக்குப் பிறகு நிரம்பிய குழி குளம்போலத் தெரியும். அதன் ஆழம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

போர் நடந்த இந்தப் பக்கத்துக்கென்று தனிக் கவலை ஒன்றும் உண்டு. எழுதுமட்டுவாளுக்கு அப்பால் முகமாலை நீண்டகாலம் முன்னரங்கம். மிதிவெடிகள் அடர்த்தியாகப் புதைக்கப்பட்ட நிலம். 2017இல் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்த பின்னரும் அகற்றும் வேலை தொடர்ந்தது. வெடி அகற்றப்பட்டதாகக் கையளிக்கப்படும் காணியும் குறித்த ஓர் ஆழம்வரைதான் சோதிக்கப்பட்டிருக்கும். விதைப்புக்கு அது போதும். பெக்கோ வாளி அதற்குக் கீழே போகும். தப்பிய வெடி மண்ணோடு டிப்பரில் ஏறினால், ஆபத்து இன்னொரு ஊர் முற்றத்தில் கொட்டப்படும்.

அனுமதியை மீறுவோர் குழியிலேயே பிடிபடுவது அரிது, வீதியில்தான் பிடிபடுகிறார்கள். மணல், மண் ஏற்றும் அனுமதிப்பத்திரத்தை 2019 டிசம்பரில் அரசாங்கம் நீக்கியது. 2020இல் நீதிமன்றம் அந்த முடிவை இடைநிறுத்தியது. பத்திரம் இல்லாவிட்டால் எந்தக் குழியிலிருந்து எத்தனை கியூப் வந்தது என்று கேட்கவே வழியில்லை. ஒரு கியூப் என்பது 100 கன அடி. பெரிய நிலத்தைச் சிறு துண்டுகளாக்கிக் காட்டி ஆய்விலிருந்து தப்பும் வழியும் உண்டு. இந்தியாவில் 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் ஒப்புதல் வேண்டும் என்று தீபக் குமார் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2012இல் கட்டளையிட்டது அதனால்தான்.

கடைசி நிபந்தனை மூடுவது. அதற்காக உரிமக்காரரிடமிருந்து வைப்புப் பணம் வாங்கப்படுகிறது. நல்ல மூடல் முதல் நாளே தொடங்கும்: மேல்மண்ணை வழித்து ஒரு பக்கம் குவித்து வைக்கவேண்டும். அதை விற்றுவிட்டவர் பின்னர் எதைப் போட்டு நிரப்பினாலும் அங்கே புல்கூடச் சரியாக எழும்பாது.