பட்டினி கிடக்கும் குடல்

பெருங்குடலின் ஒரு பகுதிக்கு மலம் போகாதபடி, அறுவை சிகிச்சையில் பாதையைத் திருப்பிவிடுவது உண்டு. புண்பட்ட குடல் ஆறட்டும் என்றுதான். ஆனால் வேலையில்லாமல் கிடக்கும் அந்தத் துண்டு, பலருக்குச் சிவந்து வீங்குகிறது. லேசாகத் தொட்டாலே ரத்தம் கசிகிறது. புதிதாகக் கிருமி எதுவும் தாக்கவில்லை. பிறகு ஏன் அழற்சி? பட்டினி என்பதுதான் முக்கியமான விளக்கம்.

பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்கு ஒரு விசித்திரப் பழக்கம். தங்களுக்கான சக்தியில் ஏறக்குறைய 70 சதவீதத்தை பியூட்ரேட் என்ற சிறு கொழுப்பு அமிலத்திலிருந்து பெறுகின்றன. கெட்டுப்போன வெண்ணெய் நாறுகிறதே, அந்த நாற்றத்துக்குக் காரணமான அமிலமும் இதுவும் ஒரே சரக்குதான். இதைச் சமைத்துப் போடுவது குடல் பாக்டீரியாக்கள். அவற்றுக்கு அரிசி பருப்பு நாம் செரிக்க முடியாத நார். வெங்காயம், பூண்டிலுள்ள இனுலின் வகைச் சர்க்கரைத் தொடர்கள் நம் சிறுகுடலை அப்படியே கடந்து அவற்றின் பந்திக்குப் போய்ச் சேருகின்றன. சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பங்கு இறுகி, செரிக்காத வகையாக மாறி, அதுவும் அங்கே போகிறது. இத்தகைய உணவுக்கு 'ப்ரீபயாடிக்' என்று 1995-ல் பெயர் வைத்தார்கள்.

பாதை திருப்பப்பட்ட குடல் துண்டுக்குள் அமெரிக்க மருத்துவர்கள் பியூட்ரேட் உள்ளிட்ட சிறு கொழுப்பு அமிலங்களையே எனிமாவாகச் செலுத்திப் பார்த்தார்கள். 1989-ல் முடிவு வெளியானது. சில வாரங்களில் புண் ஆறியது. நோயாளிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பின்னால் நடந்த சோதனைகள் எல்லாம் இவ்வளவு அழகாக அமையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நார் கிடைக்காத பாக்டீரியா சும்மா இருக்குமா? எலிகளுக்கு நாரே இல்லாத தீனி கொடுத்துப் பார்த்தார்கள். குடல்சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தைச் சில பாக்டீரியாக்கள் தின்னத் தொடங்கின. படலம் மெலிந்தது, நோய்க்கிருமி சுவரை எளிதில் எட்டியது.

இதைப் படித்துவிட்டு, குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் உடனே இனுலின் டப்பா வாங்கக் கிளம்ப வேண்டாம். நாரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களே அவர்களில் பலருக்குக் குறைந்திருக்கும். அழற்சி உச்சத்தில் இருக்கையில், சாம்பாரில் மிதக்கும் நாலு சின்ன வெங்காயம் போதும், இரவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க.