கணினியில் சத்தம் இல்லையா? கடைக்குப் போகுமுன் இதைப் பாருங்கள்

சிரம்பான் - பகாவ் வட்டாரத் தோட்டம் ஒன்றில் என் அத்தை வீட்டில், மகனின் படிப்புக்காகப் பழைய கணினி ஒன்றை வாங்கி அதில் லினக்ஸ் போட்டார்கள். படம் ஓடியது, சத்தம் வரவில்லை. கடையில் காட்டியபோது, "ஒலி அட்டை போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றார்கள். அத்தை சேமிப்புப் பணத்தை எடுக்கத் தயாராகிவிட்டார். உண்மையில் அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே ஒரு சுவிட்ச் மூடிக் கிடந்தது, அவ்வளவுதான்.

தோட்டக் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி போடுபவரின் மிக்சரைப் பார்த்திருப்பீர்கள். எந்தத் திருகு மைக்குக்கு, எது நாதஸ்வரத்துக்கு என்று தாளில் எழுதி ஒட்டியிருப்பார். பெயர் மாறினால், மைக்கைக் கூட்டப் போய் நாதஸ்வரம் அலறும்.

கணினிக்குள்ளும் இப்படி ஒரு மிக்சர் உண்டு. அதன் திருகுகள் ஒலி அட்டையின் சில்லுக்குள் வெறும் எண்களாக இருக்கின்றன. அவற்றுக்குப் பெயர் கொடுத்து நம் திரைக்குக் கொண்டு வருவது 'டிரைவர்' என்ற மென்பொருள்.

லினக்ஸில் இந்த வேலைக்கான அமைப்பின் பெயர் ஆல்சா. செக் நாட்டைச் சேர்ந்த யாரோஸ்லாவ் கைசெலா 1998-இல் இதைத் தொடங்கினார். 2003-இல் வெளியான லினக்ஸ் 2.6 பதிப்பிலிருந்து இதுவே முதன்மை ஒலி அமைப்பு.

டிரைவர் எழுதுபவர் ஒவ்வொரு திருகுக்கும் நான்கு விஷயங்களைத் தர வேண்டும். முதலாவது பெயர். 'மாஸ்டர் பிளேபேக் வால்யூம்' என்றால் எந்த ஒலி, உள்ளே வருவதா வெளியே போவதா, என்ன வேலை என்ற மூன்றும் அதே வரிசையில் இருக்கும். இந்த முறை தவறினால், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் செயலிகளுக்கு எது முதன்மைத் திருகு என்று தெரியாமல் போகலாம்.

இரண்டாவது விவரம்: இது திறந்து மூடும் சுவிட்சா, ஏற்றி இறக்கும் அளவா? அளவு என்றால் எதிலிருந்து எதுவரை? இடம், வலம் என இரண்டு வழி உண்டா?

மூன்றாவது, இப்போதைய அளவைப் படித்துச் சொல்லும் பகுதி. நான்காவது, புதிய அளவை எழுதும் பகுதி. அளவு மாறியிருந்தால் இந்தப் பகுதி '1' என்று பதில் தர வேண்டும், மாறாவிட்டால் '0'. மாறியும் '0' என்று சொன்னால் மற்றச் செயலிகளுக்குச் செய்தி போகாது. திரையில் பழைய அளவே நிற்கும்.

ஆல்சாவில் பல அட்டைகளின் ஒலி வழிகள் தொடக்கத்தில் மூடியே இருக்கும். திடீரென அலறி காதையும் ஒலிபெருக்கியையும் கெடுக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. அத்தை வீட்டில் நடந்ததும் இதுதான்.

ஆகவே, லினக்ஸ் கணினியில் சத்தம் வராவிட்டால் முதலில் கட்டளைத் திரையைத் திறந்து 'ஆல்சாமிக்சர்' என்று ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் தட்டுங்கள். ஒரு திருகின் கீழ் 'எம்எம்' என்றிருந்தால் அது மூடியிருக்கிறது என்று பொருள். அம்புக்குறி விசையால் அங்கே போய் 'எம்' விசையை அழுத்தினால் திறந்துவிடும். மேல் அம்புக்குறியால் அளவை ஏற்றுங்கள்.

அதற்குப் பிறகும் சத்தம் வராவிட்டால் கடைக்குப் போகலாம். அதுவரை பணம் கையிலேயே இருக்கட்டும்.