பெயர் பொறித்த பரிசுக்கும் ஒரு பாதீடு

உயர்தர வணிகப் பிரிவு மாணவி, கோப்பாய்

தை மாதம் பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்து வீட்டுச் சுவர்களில் இடம் பிடிக்கப் பெரிய போட்டி நடக்கும். நகைக்கடைக் கலண்டர், புடவைக்கடைக் கலண்டர், வங்கிக் கலண்டர் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஆணியில் தொங்கும். மேசையில் ஏதோ ஒரு கம்பனியின் டயறி கிடக்கும். அலுமாரிக்குள் இலச்சினை பதித்த கோப்பை ஒன்று உறையும் பிரிக்கப்படாமல் இருக்கும். இவற்றையெல்லாம் நாம் "இனாம்" என்கிறோம். வாங்குபவருக்குத்தான் அது இனாம். கொடுப்பவரின் கணக்குப் புத்தகத்தில் அது ஒரு செலவு. அந்தச் செலவை எப்படித் திட்டமிடுவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

"கம்பனிக்காரரின் கணக்கு எமக்கு எதற்கு?" என்று தோழியர் சிலர் கேட்கலாம். எங்களில் பலரின் வாப்பாமார் கடை வைத்திருக்கிறார்கள். உம்மாமார் சிலர் வீட்டிலிருந்தே தையலும் பலகாரமும் செய்து விற்கிறார்கள். நாளை நாமும் ஓர் அலுவலகத்தில் அமர்ந்து, "இவ்வருடம் வாடிக்கையாளருக்கு என்ன கொடுப்பது?" என்று யோசிக்க வேண்டியவர்கள். இன்னொன்றும் உண்டு. கல்லூரி மலர்களின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால் கடைக்காரர்களின் வாழ்த்து விளம்பரங்களைக் காணலாம். அவையும் இதே விளம்பரச் செலவிலிருந்து வந்தவைதான். கடைக்காரர் கணக்குப் பார்க்காமல் கலண்டருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டால் மலருக்குக் கொடுக்க மிச்சம் இருக்காது.

பழைய கதை ஒன்று

1880களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கொஷொக்டன் என்ற சிறு நகரில் ஜஸ்பர் மீக் என்பவர் பத்திரிகையும் அச்சகமும் நடத்தி வந்தார். பத்திரிகை அச்சிடாத நேரங்களில் இயந்திரம் சும்மா கிடந்தது. அவர் ஒரு சப்பாத்துக் கடையின் பெயரைத் துணிப்பைகளில் அச்சிட்டுக் கொடுத்தார். கடைக்காரர் அவற்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார். பிள்ளைகள் புத்தகம் சுமந்து ஊரெல்லாம் நடந்தார்கள்; கடையின் பெயரும் கூடவே நடந்தது. பெயர் பொறித்த பரிசுப் பொருட்களின் வரலாற்றைச் சொல்பவர்கள் இந்தப் பையிலிருந்தே பெரும்பாலும் தொடங்குவார்கள்.

எமது நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் வங்கிகள் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உண்டியல். 1924இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாடு ஒக்டோபர் 31ஐ உலக சிக்கன தினமாக அறிவித்தது. இலங்கை வங்கிகளும் அத்தினத்தைக் கொண்டாடுகின்றன. உண்டியலும் புத்தகப்பையும் வாங்கிய பிள்ளை வளர்ந்து சம்பளம் எடுக்கும்போது அதே வங்கிக்குப் போகலாம் என்ற நம்பிக்கைதான் அந்தச் செலவின் அடிப்படை.

யாருக்கு, எதற்கு?

பாதீடு தயாரிக்க உட்காரும்போது பலர் முதலில் பொருளைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். "குடை கொடுப்போமா, தண்ணீர்ப் போத்தல் கொடுப்போமா?" என்று பேச்சு தொடங்குகிறது. முதலில் எழுத வேண்டியது பெறுபவர்களின் பட்டியல். அவர்களைப் பொதுவாக மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம்: கடைக்கு வந்து போகும் பொதுமக்கள், வருடம் முழுவதும் வாங்கும் நிலையான வாடிக்கையாளர்கள், நிறுவனத்தில் உழைக்கும் ஊழியர்கள். மூன்று கூட்டத்துக்கும் ஒரே பொருளைக் கொடுப்பது பணத்தை வீணாக்கும். சில வேளை மனத்தையும் நோகடிக்கும். பத்து வருடம் உழைத்த ஊழியருக்கும் வீதியால் போனவருக்கும் ஒரே பேனையைக் கொடுத்தால் ஊழியர் என்ன நினைப்பார்?

ஒரு கணக்குப் பார்ப்போம். கோப்பாயில் 12 ஊழியர்களைக் கொண்ட ஒரு சிறு நிறுவனம் வருட இறுதிக்கு 150,000 ரூபா ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஊழியர்கள்: 12 பேருக்கு 4,000 ரூபா வீதம் 48,000 ரூபா.
நிலையான வாடிக்கையாளர்கள்: 60 பேருக்கு 900 ரூபா வீதம் 54,000 ரூபா.
பொதுமக்கள்: 200 கலண்டர்கள், 150 ரூபா வீதம் 30,000 ரூபா.
ஏற்றி இறக்கும் செலவு: 3,000 ரூபா.
எதிர்பாராத செலவுக்கு: 15,000 ரூபா.

கூட்டினால் 150,000 சரியாக வரும். கடைசி வரியிலுள்ள பத்து வீதத்தைப் பலர் ஒதுக்குவதில்லை. 2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். டொலர் விலை சில வாரங்களுக்குள் எகிறியது. அவ்வருடம் மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே தாள் தட்டுப்பாட்டால் பிற்போடப்பட்டன. பரீட்சைக்கே தாள் இல்லாத காலத்தில் கலண்டருக்கு எங்கே தாள் கிடைக்கும்? தாள், மை, பிளாஸ்டிக் பொருட்கள் பெரும்பாலும் இறக்குமதியாகும் நாட்டில் விலை ஏறினால் தாங்குவதற்கு ஒரு சிறு தொகை எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

மலிவு என்ற பொறி

கணக்கியல் பாடத்தில் நிலையான கிரயம், மாறும் கிரயம் என்று படிக்கிறோம். அச்சிட்ட பரிசுப் பொருளில் இரண்டும் தெளிவாகத் தெரியும். இலச்சினையை வடிவமைத்து அச்சுக்குத் தயாராக்கும் செலவு, பத்துக் கோப்பைக்கும் ஆயிரம் கோப்பைக்கும் ஒன்றுதான். அது நிலையானது. கோப்பையின் விலை எண்ணிக்கையோடு கூடும், அது மாறுவது.

தயாரிப்புச் செலவு 6,000 ரூபா, ஒரு கோப்பை 650 ரூபா என்று கொள்வோம். 50 கோப்பை செய்தால் ஒன்றின் கிரயம் 770 ரூபா. 300 செய்தால் 670 ரூபா. இதைக் கண்டதும் ஆசை வரும். அச்சகத்தார், "500 எடுத்தால் 600 ரூபாவுக்குத் தருகிறோம்" என்று சொன்னால் ஆசை இன்னும் கூடும். ஆனால் கொடுக்க வேண்டியவர்கள் 300 பேர்தான். 300 கோப்பைக்கு மொத்தச் செலவு 201,000 ரூபா. 500 கோப்பைக்கு 306,000 ரூபா. மேலதிக 200 கோப்பையும் களஞ்சியத்தில் தூசி பிடிக்கும். உண்மையில் ஒருவர் கைக்குச் சேர்ந்த கோப்பையின் விலை 670இலிருந்து 1,020 ரூபாவாக ஏறிவிட்டது. மலிவாக வாங்கியதாக நினைத்தவர் 105,000 ரூபா கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். கோப்பையையாவது அடுத்த வருடம் கொடுக்கலாம். மிஞ்சிய டயறியும் கலண்டரும் ஜனவரி கழிந்ததும் பழைய கடதாசிதான்.

விலைமனு கேட்கும்போது வரியும் சேர்ந்த விலையா என்று கேட்பதும் அவசியம். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 வீதமாக உயர்ந்தது. வரிக்குப் பதிவு செய்த ஒரு நிறுவனம் வரி சேர்க்காமல் 650 ரூபா என்று சொன்னால், கொடுக்க வேண்டியது 767 ரூபா. பொதி செய்யும் செலவும் கொழும்பிலிருந்து வர வேண்டுமானால் ஏற்றுகூலியும் தனி. அச்சுப்படியைத் தமிழ் நன்கு தெரிந்த ஒருவர் பார்த்துக் கையொப்பம் இட்ட பிறகே அச்சிடச் சொல்ல வேண்டும். கடைப் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் அத்தனையும் வீண்.

ஒரு நாளுக்கு எவ்வளவு?

பரிசின் விலையை அது பயன்படும் நாட்களால் வகுத்துப் பார்ப்பது நல்ல அளவுகோல். 150 ரூபாக் கலண்டர் 365 நாள் சுவரில் இருந்தால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 41 சதம். ரமழான் மாதத்தில் கடைகள் கொடுக்கும் சஹர், இப்தார் நேர அட்டையை எடுத்துக்கொள்வோம். அட்டை ஒன்றுக்கு 15 ரூபா செலவானாலும் 30 நாளுக்கு, நாளொன்றுக்கு 50 சதம்தான். அதுவும் வீட்டிலுள்ள எல்லோரும் தினமும் இரண்டு முறை தேடிப் பார்க்கும் அட்டை. உறை பிரிக்காத 900 ரூபாக் கோப்பையை எத்தனை நாளால் வகுப்பது?

பெறுபவரை அறிந்து கொடுப்பதும் இதில் அடங்கும். பஞ்சாங்கம் பார்க்கும் வீடும் தொழுகை நேரம் பார்க்கும் வீடும் ஒரே ஊரில் உள்ளன. இரண்டும் உள்ள கலண்டர் இரண்டு வீட்டிலும் தொங்கும். உணவுப் பொதி கொடுப்பதானால் சைவம் உண்போரையும் ஹலால் பார்ப்போரையும் மனதில் வைத்துத் தெரிய வேண்டும். உண்ண முடியாத பரிசு, பெறுபவரை நாம் அறியவில்லை என்பதையே காட்டும்.

பரிசா, இலஞ்சமா?

பட்டியலில் நான்காவது கூட்டம் ஒன்று சில வேளை ஒளிந்திருக்கும். அனுமதி வழங்கும் அலுவலர், ஒப்பந்தம் தீர்மானிப்பவர் போன்றவர்கள் அதில் வருவார்கள். இங்கே மிகவும் கவனம் வேண்டும். இலங்கையின் 2023ஆம் ஆண்டு 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறையில் நடக்கும் இலஞ்சத்தையும் குற்றமாக்கியுள்ளது.

பிற நாடுகள் எல்லையைத் தொகையாலேயே வரைந்துள்ளன. அமெரிக்காவில் ஒருவருக்கு வருடத்தில் 25 டொலர் வரையான வணிகப் பரிசையே வரிக் கணக்கில் செலவாகக் கழிக்கலாம். அந்த எல்லை 1962இல் விதிக்கப்பட்டது. பெயர் அச்சிட்டுப் பரவலாகக் கொடுக்கும் 4 டொலருக்கு மேற்படாத பேனை போன்றவை அந்த எல்லைக்குள் சேராது. அங்குள்ள பெரிய மருந்துக் கம்பனிகளின் சங்கம், மருந்தின் பெயர் பொறித்த பேனைகளையும் கோப்பைகளையும் வைத்தியர்களுக்குக் கொடுப்பதை 2009 ஜனவரியிலிருந்து நிறுத்தும்படி தன் ஒழுக்கக் கோவையில் எழுதியது. சிறு பேனை கூட மருந்துச் சீட்டு எழுதும் கையை அசைத்துவிடும் என்ற கவலைதான் காரணம்.

ஸகாத் சேகரிக்கச் சென்ற ஒருவர், தமக்குத் தனியே கிடைத்த அன்பளிப்பு என்று ஒரு பகுதியைப் பிரித்து வைத்தபோது, அவர் தம் பெற்றோர் வீட்டில் இருந்திருந்தால் அது வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட சம்பவத்தை நாம் அறிவோம். "இவர் இந்தக் கதிரையில் இல்லாவிட்டாலும் இதைக் கொடுப்பேனா?" இக்கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடலாம். பணமும் மிஞ்சும், மனமும் நிம்மதியாக இருக்கும்.

எமது மண்ணின் பொருள்

எமக்கு அருகிலுள்ள கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1978இல் தொடங்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை "கற்பகம்" விற்பனை நிலையங்கள் மூலம் பனைப் பொருட்களை விற்கிறது. பனையோலையில் இழைத்த பெட்டி, கைப்பை, பேனை தாங்கி ஆகியவற்றை எமது ஊர்ப் பெண்கள் அழகாகச் செய்கிறார்கள். நிலையான வாடிக்கையாளருக்கான 54,000 ரூபாவை இப்பொருட்களுக்குச் செலவிட்டால் பணம் இங்கேயே சுற்றும். டொலர் ஏறினாலும் ஓலையின் விலை அதனோடு சேர்ந்து ஏறாது. சிறு துணிப்பட்டியில் நிறுவனத்தின் பெயரைத் தைத்துவிட்டால் போதும்.

ஆனால் கை வேலைக்கு இயந்திரத்தின் வேகம் கிடையாது. மார்கழியில் வந்து "அடுத்த கிழமைக்கு அறுபது பெட்டி வேண்டும்" என்று கேட்டால் இழைப்பவர் இரவிரவாக விழித்திருக்க வேண்டும். புரட்டாதியிலேயே சொல்லி, பாதித் தொகையை முற்பணமாகக் கொடுத்து, பொருள் கைக்கு வந்த அன்றே மீதியைக் கொடுப்பதும் நல்ல பாதீட்டின் பகுதிதான். பரிசு பெறுபவர் மகிழும்போது அதைச் செய்தவர் கடனில் இருக்கக் கூடாது.

கொடுத்து முடிந்ததும் வேலை முடிவதில்லை. யாருக்கு என்ன கொடுத்தோம், எத்தனை மிஞ்சியது, திட்டமிட்ட தொகைக்கும் செலவான தொகைக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். அடுத்த வருடப் பாதீட்டுக்கு அந்தக் கொப்பியே அத்திவாரம். பெற்றோரே, இவ்வருடம் உங்கள் கடையில் அந்தக் கொப்பியை எழுதும் பொறுப்பை வீட்டிலுள்ள மகளிடம் கொடுத்துப் பாருங்கள். வகுப்பறையில் படித்ததை வீட்டுக் கணக்கில் செய்து பார்க்க இதைவிட நல்ல பயிற்சி அவளுக்குக் கிடைக்காது.